நிறுத்தத் தெரியாத மோட்டார்

போன வருஷம் வைகாசி மாசம். மறுநாள் முகூர்த்தம். திருவந்திபுரம்னா உங்களில் பாதிப்பேருக்கு தேவநாதசுவாமி கோயில் ஞாபகம் வரும், மீதிப்பேருக்கு யாரோ ஒரு சொந்தக்காரர் கல்யாணம் ஞாபகம் வரும். முகூர்த்த நாளில் எங்க ஊர் எங்களுக்கே சொந்தமில்லை. அன்னைக்கும் அப்படித்தான். பெரியப்பா பேத்தி கல்யாணத்துக்காக நான் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். ராத்திரி ரெண்டேகாலுக்கு போன். அப்பா.

"டேய், ஒன் மிஷினு நிறுத்தத் தெரியாம ஓடுதுடா. போடுது, எடுக்குது, போடுது, எடுக்குது. நான் மெயினை எறக்கிட்டேன். காலையில வந்து பாரு."

வேற எதுவும் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மோட்டாரை நினைத்து இல்லை. அப்பாவுக்கு 74 வயசு. வீட்டிலிருந்து மோட்டார் கொட்டகைக்குப் போக கரும்புக்கு நடுவில் ஒத்தையடி வரப்பு. டார்ச் லைட் என்னோடு மண்டபத்தில் இருந்தது. அந்த மனுஷன் ராத்திரியில் அந்த வரப்பில் நடக்கக் கூடாது என்றுதான் அந்த மெஷினையே வைத்தேன்.

கிணறும் மோட்டாரும் இல்லாதவங்களுக்குக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். விவசாய மோட்டார் ஓட த்ரீ பேஸ் கரண்ட்டு வேணும். எங்க கொல்லைக்கு அது பகலில் கொஞ்சம், ராத்திரியில் கொஞ்சம் என்று முறை வைத்து வரும். வரும் நேரத்தில் மோட்டார் போட்டு, மடை திருப்பி, ஆள் நிற்கணும். முந்தைய மாரியில் அப்படி நின்றபோதுதான் அப்பா வழுக்கி விழுந்து முட்டியில் அடி. அதற்கப்புறம் எல்லாரும் மாட்டுகிற ஆட்டோ ஸ்விட்ச் மாட்டினேன். கரண்ட்டு வந்ததும் மோட்டார் தானா ஓடும். ஆனா அதுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். போரில் தண்ணி இறங்கிப் போனாலும் ஓடும். குழாய் பிய்த்துக்கொண்டு மல்லாட்டைக் கொல்லையில் குளம் கட்டினாலும் ஓடும். (மல்லாட்டைன்னா உங்க ஊர் நிலக்கடலை.)

அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். "மாமா, ஒரு ராஸ்பெர்ரி பை வாங்குங்க, நான் பார்த்துக்கறேன்" என்றான். ஏடிஎம் கார்டு அளவு ஒரு போர்டு. அதில் லினக்ஸ் ஓடும். லினக்ஸ்னா ஏதோ பெரிய கம்பெனி சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்தேன். உங்க வீட்டு வைஃபை ரவுட்டரைத் திறந்து பாருங்க, உள்ளே பெரும்பாலும் அதுதான். ஸ்மார்ட் டிவியிலும் அதுதான். கீபோர்டு இல்லை, திரை இல்லை, ஒரு மூலையில் உட்கார்ந்து சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

எங்க போர்டின் வேலை இதுதான். த்ரீ பேஸ் வந்திருக்கா பார், ரிலேயைத் தட்டி மோட்டாரைப் போடு, குழாயில் தண்ணி வருதா என்று சென்சாரைக் கேள், வராவிட்டால் நிறுத்து, எந்தப் பாத்திக்கு எத்தனை நிமிஷமோ அத்தனை நிமிஷம் ஆனதும் அடுத்த வால்வைத் திற.

ஆறு மாசம் நன்றாக ஓடியது. அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கினார். அப்புறம்தான் அந்த வைகாசி ராத்திரி.

காலையில் தாலி கட்டினதும் மாப்பிள்ளையை (என் அக்கா மகனைத்தான் சொல்கிறேன், கல்யாண மாப்பிள்ளையை இல்லை) பந்தியிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன். லேப்டாப்பை மாட்டி லாகைப் பார்த்தான். முகம் சுருங்கியது. 1:42-லிருந்து 2:10 வரை, 28 நிமிஷத்தில், 112 தடவை மோட்டார் ஸ்டார்ட் ஆகியிருந்தது.

மோட்டார் ஓடும்போது இழுக்கிற கரண்ட்டை விட, ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் அஞ்சாறு மடங்கு இழுக்கும். 112 தடவை! காயில் எரியாமல் தப்பியது எங்க அதிர்ஷ்டம். எரிந்திருந்தால் குழாயை ஏத்தி, ரீவைண்டிங் செய்து, மறுபடி இறக்குவதற்குள் ஒரு வாரம். அந்த வெயிலில் ஒரு வாரம் தண்ணி இல்லை என்றால் கரும்பு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என்ன நடந்தது? சென்சார் போர்டுக்குப் போகிற யுஎஸ்பி ஒயரை எலி கடித்துவிட்டது. எங்க ப்ரோகிராம் எழுந்ததும் முதல் காரியமாக மோட்டாரைப் போடும். அப்புறம் சென்சாரைத் தேடும். சென்சார் இல்லை, ப்ரோகிராம் செத்துப்போகும். அது செத்ததும் ரிலே விட்டுவிடும், மோட்டார் நிற்கும். பத்து நொடி கழித்து அதை யாரோ எழுப்பிவிடுகிறார்கள். எழுந்ததும் மறுபடி மோட்டாரைப் போடும்...

அந்த 'யாரோ' பேர் சிஸ்டம்டி. லினக்ஸ் கண் முழித்ததும் முதலில் எழுந்திருக்கிற ஆள் அது. களை எடுக்க ஆள் கூட்டிவரும் மேஸ்திரி மாதிரி, மற்ற வேலையாட்களை எழுப்பி வேலைக்கு அனுப்புவதும், எவன் விழுந்தான் என்று பார்ப்பதும் அதன் பொறுப்பு. 2010-இல் லென்னார்ட் பாட்டரிங், கே சீவர்ஸ் என்று ரெண்டு பேர் எழுத ஆரம்பித்தது. 2015-இல் வந்த டெபியன் 8 அதை எடுத்துக்கொண்டது. ராஸ்பெர்ரி பையின் லினக்ஸ் டெபியன் வழி வந்தது, அதனால் எங்க கொட்டகைக்கும் வந்து சேர்ந்தது. அதுக்கு முந்தைய முறையில் நம்பர் போட்ட ஸ்கிரிப்டுகள் வரிசையாக ஓடும். எழுப்பிவிட்டதோடு சரி, அப்புறம் விழுந்தால் பெரும்பாலும் கேட்க நாதி இருக்காது.

சிஸ்டம்டிக்கு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்ன ஃபைல் எழுதித் தரணும். அதில் மாப்பிள்ளை எழுதியிருந்தது: ரீஸ்டார்ட், ஆல்வேஸ். விழுந்தால் எப்பவும் எழுப்பு. எழுப்புவதற்கு முன் பத்து நொடி பொறு.

"விடாம விழுந்துக்கிட்டே இருந்தா நிறுத்தாதா?" என்று கேட்டேன்.

"நிறுத்தும் மாமா. பத்து நொடிக்குள்ள அஞ்சு தடவைக்கு மேல எழுப்ப வேண்டியிருந்தா கைவிட்டுடும். அதுதான் வழக்கமான கணக்கு. ஆனா நாம பத்து நொடி பொறுன்னு சொல்லிட்டோமே. பத்து நொடிக்குள்ள ரெண்டு தடவைகூட ஆகாது. அந்தக் கணக்கு நெறயவே நெறயாது."

நல்லதுக்கு என்று எழுதின வரிதான். அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதினால் ஒன்றும் ஆகியிருக்காது. செத்துச் செத்து எழும், யாருக்கும் நோகாது. இங்கே அது எழும்போதெல்லாம் 250 அடி ஆழத்தில் ஒரு மோட்டார் உதறுகிறது.

குற்றம் அவன்மேல் மட்டும் இல்லை. ஸ்டார்ட்டரில் ஓவர்லோட் ரிலே என்று ஒன்று இருக்கும். மோட்டார் அளவுக்கு மேல் இழுத்தால் வெட்டிவிடும். அது அடிக்கடி வெட்டுகிறதே என்று போன கோடையில் அதன் திருகை ஏத்தி வைத்தது நான். ராத்திரி அது வெட்டியிருக்க வேண்டும். அதன் வாயை நானே அடைத்திருந்தேன்.

அன்னைக்கு சாயங்காலம் வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம்.

முதலில் வரிசை. இது எனக்குப் புரியாமல் இருந்தது. மாப்பிள்ளை கல்யாணத்தை வைத்துச் சொன்னான். நாதஸ்வரம் வந்தால் நல்லது, வராவிட்டாலும் தாலி ஏறும். இதற்கு ஃபைலில் 'வான்ட்ஸ்' என்று எழுதணும். மாப்பிள்ளை இல்லாவிட்டால் கல்யாணமே இல்லை. இதற்கு 'ரெக்வயர்ஸ்'. ஆனா மாப்பிள்ளை வேணும் என்று எழுதினால் மட்டும் போதாது. மாப்பிள்ளை வந்தப்புறம் என்று 'ஆஃப்டர்' தனியாக எழுதணும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை காரும் கெட்டிமேளமும் ஒரே நேரத்தில் கிளம்பும். எங்களுக்கு சென்சார்தான் மாப்பிள்ளை. ப்ரோகிராமிலும் அதே வரிசைதான். எழுந்ததும் ரிலே ஆஃப், அப்புறம் சென்சார், அதுவும் பதில் சொன்னால் மட்டும் மோட்டார்.

ரெண்டாவது, எண்ணிக்கை. விழுந்தால் ஒரு நிமிஷம் பொறு. ஒரு மணி நேரத்தில் மூணு தடவை பார். அப்புறமும் முடியாவிட்டால் விட்டுவிடு. விட்டுவிட்டேன் என்பதை மனுஷனிடம் சொல்லு. அதற்கு 'ஆன்ஃபெயிலியர்' என்று ஒரு வரி உண்டு. அதன் கீழ் எனக்கு எஸ்எம்எஸ் போகும், வீட்டு வாசலில் சிவப்பு விளக்கு எரியும்.

மூணாவது, சாவு எப்படி வந்தாலும் கடைசியாகச் செய்ய வேண்டிய காரியம். 'எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்' என்று ஒரு வரி. ப்ரோகிராம் தானா நின்றாலும் சரி, பாதியில் விழுந்தாலும் சரி, போகும்போது ரிலேயை அணைத்துவிடும்.

நாலாவது, சாகாமலே மலைத்து நின்றுவிட்டால்? சோளக் கொல்லையில் காவல் இருக்கிறவங்க ராத்திரி ஒரு பரணிலிருந்து இன்னொரு பரணுக்குக் குரல் கொடுப்பாங்க. பதில் குரல் வராவிட்டால் எழுந்து போய்ப் பார்ப்பாங்க. இதுவும் அப்படித்தான். பேர் 'வாட்ச்டாக்'. எங்க ப்ரோகிராம் முப்பது நொடிக்குள் ஒரு தடவை குரல் கொடுக்கணும். இல்லாவிட்டால் சிஸ்டம்டி அதைக் கொன்று புதுசாக எழுப்பும். சிஸ்டம்டியே மலைத்துவிட்டால்? போர்டில் இருக்கும் சிப்பிலேயே ஒரு வாட்ச்டாக் உண்டு. அது மொத்த மெஷினையும் ரீபூட் செய்யும்.

இதெல்லாம் செய்து முடித்ததும் ஒன்று நடந்தது, சிரிக்காதீங்க. மறுநாள் பார்த்தால் பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது! முன்பு ரெண்டு தடவை கரண்ட்டு பட்டென்று போய் மெமரி கார்டு கெட்டிருந்தது. அதற்காக கார்டில் எதுவும் எழுதப்படாதபடி பூட்டி வைத்திருந்தோம். எழுதுவதெல்லாம் தற்காலிக நினைவில் இருக்கும், ஆஃப் ஆனால் போய்விடும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினதும் அத்தனை மாற்றமும் மணலில் எழுதின எழுத்தாகிவிட்டது. பூட்டைத் திறந்து, மறுபடி எழுதி, மறுபடி பூட்டினோம். எழுதின ஃபைலை அப்பாவின் மடைக்கணக்கு நோட்டிலும் கையால் எழுதி வைத்தேன்.

பாத்திக்கு எத்தனை நிமிஷம் என்ற கணக்கையும் ப்ரோகிராமுக்குள்ளிருந்து எடுத்துத் தனி ஃபைலாக்கினோம். 'மேக்கால கரும்பு 90, கீழால மல்லாட்டை 35' என்று தமிழிலேயே இருக்கும். லினக்ஸுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. எனக்குத்தான் முதலில் ஆச்சரியமாக இருந்தது.

அஞ்சாவது விஷயம் அப்பா சொன்னது. கொட்டகையில் 'ஆட்டோ, கை' என்று ஒரு திருகு ஸ்விட்ச். கை பக்கம் திருப்பினால் போர்டுக்கும் மோட்டாருக்கும் சம்பந்தமே இல்லை, பழையபடி பச்சை பட்டன், சிவப்பு பட்டன். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் எங்க பக்கம் கரை ஏறினபோது பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல நாள் கரண்ட்டு இல்லை. வாடகை ஜெனரேட்டர் வைத்து, கையால் மோட்டார் போட்டுத்தான் மாட்டுக்குத் தண்ணி காட்டினோம். ராஸ்பெர்ரி பை முதன்முதலில் விற்பனைக்கு வந்ததே அதற்கு ரெண்டு மாசம் கழித்து, 2012 பிப்ரவரி 29-இல்தான். "எந்த மிஷினா இருந்தாலும் கையால ஓட்ட வழி இருக்கணும்டா" என்றார் அப்பா. அதில் எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை.

கடைசியில் அப்பாவை நிற்க வைத்தே சென்சார் ஒயரைப் பிடுங்கிக் காட்டினோம். மோட்டார் நின்றது. ஒரு நிமிஷம் கழித்து போர்டு எழுந்து சென்சாரைத் தேடியது, இல்லை, விழுந்தது. மோட்டாரைத் தொடவே இல்லை. இன்னொரு நிமிஷம், இன்னொரு தடவை. அப்புறம் கைவிட்டது. என் போன் அடித்தது, வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா கொஞ்ச நேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப இது எரிஞ்சா நான் ராத்திரி போவணுமா?"

"வேணாம்ப்பா. மோட்டார் நின்னுருக்குன்னு அர்த்தம். காலையில பார்த்துக்கலாம்."

"அதான் வேணும்" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போனார்.

இதைப் படிக்கிற உங்களில் பலபேர் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பீங்க. ஊரில் அப்பா அம்மாவுக்கு கேமரா, வாட்டர் டேங்க் சென்சார், ஏதோ ஒன்று மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பீங்க. அது ஓடும்போது எப்படி ஓடும் என்று பார்த்திருப்பீங்க. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்க. அது என்ன செய்கிறது, வீட்டில் இருக்கிறவங்களை என்ன செய்ய வைக்கிறது என்று.

ஓவர்லோட் ரிலேயை மோட்டார் பிளேட்டில் போட்டிருக்கிற ஆம்பியருக்கே இறக்கி வைத்தாச்சு. திருகு நிற்க வேண்டிய இடத்தில் இப்போ சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு இருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்து மீந்த பெயிண்ட். கோடு போட்டது அப்பா.