1,300 மீட்டரில் மூழ்கிய கப்பல்... இரண்டாவது மாடல் கிட் வாங்கும் முன் பார்க்க வேண்டிய ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகம்!

ஸ்டாக்ஹோம் நகரின் மையத்திலிருந்து 7-ம் எண் டிராமில் ஏறினால், சில நிமிடங்களில் யூர்கோர்டன் தீவு வந்துவிடும். பூங்கா, ராட்டினங்கள், ஐஸ்க்ரீம் கடைகள் என்று குழந்தைகளோடு வருபவர்களுக்கான தீவு அது. நீர்க்கரையில் ஒரு கட்டடத்தின் கூரையைத் துளைத்துக்கொண்டு மூன்று கம்பங்கள் நிற்கும். அவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. உள்ளே இருக்கும் கப்பலின் பாய்மரங்கள் முழு உயரத்தில் நின்றிருந்தால் எதுவரை எட்டியிருக்கும் என்பதைக் காட்டுபவை. இதுதான் வாசா அருங்காட்சியகம். 1990-ல் திறக்கப்பட்டது.

உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கு முதலில் எதுவும் தெரியாது. மரத்துக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் விளக்குகளை மங்கலாகவே வைத்திருக்கிறார்கள். மெல்ல மெல்ல இருட்டுக்குள்ளிருந்து ஒரு கறுத்த சுவர் எழும். அது சுவரல்ல, கப்பல்! முன்பக்கக் கொம்பையும் சேர்த்தால் 69 மீட்டர் நீளம். பின்பக்கம் முழுக்க சிங்கங்கள், வீரர்கள், தேவதைகள் என்று அடுக்கடுக்காகச் சிற்பங்கள். தேர்முட்டியில் நிற்கும் தேரைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தெரியாது.

எல்லோரும் கப்பலைப் பார்த்துச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, ஒரு வகைப் பார்வையாளர் மட்டும் அருகிலுள்ள 1:10 அளவு மாதிரிக் கப்பலை விட்டு நகரமாட்டார். ஏழு மீட்டருக்குச் சற்றே குறைவான நீளத்தில், பாய்கள் விரித்து, வண்ணம் பூசி நிற்கும் அந்த மாதிரியின் ஒவ்வொரு கயிறும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குனிந்தும் எட்டியும் பார்ப்பார். வீட்டில் மரக் கப்பல் கிட் கட்டுகிறவர் என்று அப்போதே சொல்லிவிடலாம்.

அதிலும் முதல் கிட்டை முடித்துவிட்டு வந்தவர் என்றால் ஆபத்து. சிறிய படகு ஒன்றை ஒட்டி, தேய்த்து, வார்னிஷ் பூசி அலமாரியில் வைத்தாயிற்று. வந்தவர் போனவரெல்லாம் 'நீங்களே செஞ்சதா?' என்று கேட்டாயிற்று. அடுத்தது என்ன? வாசாதான்!

டென்மார்க்கின் பில்லிங் போட்ஸ், இத்தாலியின் கோரெல் இரண்டுமே வாசாவை 1:75 அளவில் மரக் கிட்டாகக் கொண்டுவந்திருக்கின்றன. அந்த அளவில் முடித்த கப்பல் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் உயரம். பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து ஆசைப்படாமல் இருப்பது கடினம். ஆனால், பரணில் பாதி வேலையோடு தூங்கும் கிட்டுகளை இறக்கிப் பார்த்தால், அதில் பல இப்படி அவசரத்தில் வாங்கிய இரண்டாவது கிட்டாகத்தான் இருக்கும். பணம் போவது ஒருபுறம். 'நமக்கு இதெல்லாம் சரிப்படாது' என்று அந்தப் பொழுதுபோக்கையே மூடிவிடுவதுதான் பெரிய நஷ்டம்.

நின்ற இடத்திலேயே ஆடிய கப்பல்

இருட்டில் நிற்கும் இந்தக் கப்பலின் கதையும் அளவுக்கு மீறிய ஆசையின் கதைதான். ஸ்வீடன் மன்னர் இரண்டாம் குஸ்டாவ் அடால்ஃபுக்குப் போருக்காக ஒரு பிரமாண்டக் கப்பல் தேவைப்பட்டது. நெதர்லாந்திலிருந்து வந்த ஹென்ரிக் ஹிபர்ட்ஸன் கட்டத் தொடங்கினார். நோய்வாய்ப்பட்டு 1627-ல் இறந்துபோனார். பொறுப்பு ஹெய்ன் யாகோப்ஸன் கைக்கு வந்தது. இரண்டு தளங்களில் 64 பீரங்கிகள், அவற்றில் 48 பீரங்கிகள் 24 பவுண்டு குண்டு வீசுபவை. கப்பலை நிலைநிறுத்த அடியில் சுமார் 120 டன் கற்கள். மேலே இருந்த கனத்துக்கு அது போதவில்லை. கூடுதலாகக் கல் அடுக்கவும் வழியில்லை. கப்பல் இன்னும் அமிழ்ந்து, கீழ்த்தளத்துப் பீரங்கி ஜன்னல்கள் தண்ணீருக்கு அருகில் போய்விடும்.

புறப்படும் முன்பே சந்தேகம் வந்திருக்கிறது. கரையில் கட்டியிருந்த கப்பலில் 30 பேரை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்று முறை ஓடியதுமே கப்பல் ஆடிய ஆட்டத்தில் சோதனையை நிறுத்திவிட்டார்கள். புறப்பாட்டை மட்டும் நிறுத்தவில்லை! 1628 ஆகஸ்ட் 10 அன்று பாய் விரித்த வாசா, சுமார் 1,300 மீட்டர் போனதும் காற்றில் சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கி ஜன்னல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்தது. சுமார் 30 பேர் இறந்தார்கள். விசாரணை நடந்தது, யாருக்கும் தண்டனை இல்லை.

1956-ல் ஆண்டர்ஸ் ஃப்ரான்ஸன் கண்டுபிடித்து, 1961 ஏப்ரல் 24 அன்று மேலே கொண்டுவரும்வரை 333 ஆண்டுகள் அது சேற்றில் கிடந்தது. பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே வாழ்வதில்லை. வாசா பிழைத்தது அதனால்தான். உதிரியாகக் கிடைத்த 14,000-க்கும் மேற்பட்ட மரத் துண்டுகளை, கட்டுமான வரைபடம் எதுவும் இல்லாமல் பொருத்தியிருக்கிறார்கள். விளக்கப் புத்தகத்தின் ஆறாம் பக்கத்திலேயே தலைசுற்றும் கிட் பிரியர்கள் இங்கே கொஞ்ச நேரம் மௌனமாக நின்றுவிடுவது இயல்பு.

அவர்களுக்கு ஆறுதலான தகவலும் இங்கே உண்டு. கப்பலுக்குள் தச்சர்கள் பயன்படுத்திய நான்கு அளவுகோல்கள் கிடைத்தன. சில ஸ்வீடிஷ் அடி, அதாவது 12 அங்குலம். சில ஆம்ஸ்டர்டாம் அடி, அதாவது 11 அங்குலம். கப்பலின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இல்லை என்பதையும் ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். பலகைப் பட்டைகளை ஒட்டி முடித்ததும் தன் கப்பல் கோணலாக இருக்கிறதே என்று வருந்துபவர் தனியாள் இல்லை!

அரை அடி தள்ளி ஒரு தம்பி

வாசாவின் கதையைக் கேட்டுவிட்டுப் பெரும்பாலானோர் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டாவது கிட் பற்றி யோசிப்பவருக்கு உண்மையில் வேண்டியது இரண்டாவது கப்பலின் கதை.

வாசாவுக்கு ஒரு தம்பி உண்டு. பெயர் எப்லெட். ஸ்வீடிஷ் மொழியில் ஆப்பிள் என்று பொருள். அரசர்கள் கையில் ஏந்தும் பொற்கோளத்துக்கும் அங்கே அந்தப் பெயர்தான். அதே ஹெய்ன் யாகோப்ஸன், உடலைச் சற்று அகலமாக்கிக் கட்டினார். 1629-ல் நீரில் இறங்கிய எப்லெட், சுமார் 30 ஆண்டுகள் கடற்படையில் உழைத்தது. பிறகு 1659-ல் வாக்ஸ்ஹோம் அருகே, எதிரிக் கப்பல்களுக்குத் தடையாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. அதன் சிதைவு 2021 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்டு, 2022-ல் உறுதி செய்யப்பட்டது. அதன் ஓக் மரங்கள் 1627-ல் வெட்டப்பட்டவை, வாசாவுக்கு மரம் வந்த அதே பகுதியிலிருந்து.

யாகோப்ஸன் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. தெரிந்த கப்பலில் ஒரு விஷயத்தை மாற்றினார், அவ்வளவுதான். கிட் தேர்வும் இப்படித்தான் அமைய வேண்டும்.

மாடல் ஷிப்வேஸ் நிறுவனத்தின் தொடக்கநிலை வரிசையே இதற்கு நல்ல உதாரணம். முதலில் தட்டையான அடியுள்ள மீன்பிடிப் படகு. இரண்டாவது நார்வே பாய்ப்படகு. இதில் பலகைகள் ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். கொஞ்சம் கயிறும் பாயும் சேரும். மூன்றாவதில்தான் சட்டங்கள்மேல் பட்டை ஒட்டும் பெரிய வேலை வருகிறது. பீரங்கி இல்லாமல் மனம் ஆறாது என்பவருக்கு அமாட்டியின் லேடி நெல்சன் இருக்கிறது. 1:64 அளவு, ஒரே பாய்மரம், சில பீரங்கிகள். பட்டையை இரண்டு அடுக்காக ஒட்ட வேண்டும். இது கூடுதல் வேலைபோலத் தெரியும். உண்மையில் கற்பவருக்குச் சாதகம். முதல் அடுக்கில் விழும் மேடுபள்ளத்தை மரத்தூள் கலந்த பசையால் அடைத்துத் தேய்த்துவிட்டால், இரண்டாவது அடுக்கு எல்லாவற்றையும் மூடிவிடும்.

வாசா கிட்டில் என்ன சிரமம்? முதலில் உடல். முன்பக்கம் உருண்டு திரும்பும் இடத்தில் ஒவ்வொரு பட்டையையும் நனைத்து, சூடுகாட்டி வளைத்து, நுனியைச் சரிவாகச் சீவ வேண்டும். பிறகு கயிறு. பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளுக்குக் குறுக்கே ஏணிப்படிபோலக் கட்டும்போது, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. மூன்று பாய்மரம், இரண்டு பக்கம். எண்ணத் தொடங்கினால் நூற்றுக்கணக்கில் போகும். ஒற்றைப் பாய்மரத்தில் அந்த முடிச்சு கைக்குப் பழகியவருக்கு இது மாலைநேர வேலை, பழகாதவருக்குத் தண்டனை. சிற்பங்களுக்கு வண்ணம் வேறு. வாசாவின் பின்பக்கப் பின்னணி நீலம் என்றுதான் முன்பு நினைத்தார்கள். பிந்தைய ஆய்வு அது சிவப்பு என்று காட்டியது. பழைய படங்களை நம்பித் தூரிகையை எடுத்தால் மறுபடி பூச வேண்டியதுதான்.

இன்னொன்று, பெட்டியைப் பார்த்து வாங்குவதைவிட விளக்கப் புத்தகத்தைப் பார்த்து வாங்குவது நல்லது. பல நிறுவனங்கள் அதை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. முழுவதும் படித்து, புரியாத கட்டங்களைக் குறித்துப் பார்க்கலாம். ஒன்றிரண்டு என்றால் வாங்கலாம். பக்கத்துக்கு ஒன்று என்றால் வாசாவுக்குக் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். முடித்த கப்பலைத் தூசி படாமல் வைக்கக் கண்ணாடிப் பெட்டிக்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்பதையும் அன்றே டேப் வைத்து அளந்துவிடுவது வீட்டில் அமைதிக்கு நல்லது.

அருங்காட்சியகத்திலிருந்து திரும்பும்போது டிராமை விட்டுவிட்டு, ராட்டினப் பூங்காவுக்கு அருகிலிருந்து ஸ்லுசென் போகும் படகில் ஏறலாம். அந்தக் கடைசிப் பயணத்தில் வாசா கடந்ததும் இந்த நீர்ப்பரப்பைத்தான், எதிர்த் திசையில். அது மூழ்கிய பெக்ஹோல்மென் தீவை ஒட்டிய இடம் சற்றுத் தொலைவில் தெரியும். பத்து நிமிடத்தில் கரை வந்துவிடும்.