அசையாததெல்லாம் செத்ததல்ல

திருவண்ணாமலை என்றதும் அருணாசலேஸ்வரரின் ஊரை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம், சீனிவாசப் பெருமாள் இருக்கும் மலையை. போன புரட்டாசிச் சனிக்கிழமை அங்கே படியேறும்போது என் சிநேகிதர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இராஜபாளையத்துக்காரர், வயது 71.

எக்கோ எடுத்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம் 30 சதவீதம்தான் என்று வந்தது. நல்ல இதயத்துக்கு 55-க்கு மேல் இருக்கும். முன்பக்கச் சுவர் அசையவில்லை. "அந்தப் பாகம் செத்துப்போச்சாம் சார். மாந்தோப்பை வித்தாவது ஸ்டென்ட் வச்சிரலாமா?" என்று அவர் மகன் கேட்டான். மதுரையில் பார்த்த டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "அசையலேன்னா செத்துடுச்சுன்னு அர்த்தமில்லை. முதல்ல அதைப் பார்ப்போம்."

ரத்தம் குறைந்தால் இதயத் தசை சில சமயம் சாகாமல், வேலையை மட்டும் நிறுத்திக்கொண்டு உயிரைப் பிடித்துவைத்துக் கிடக்கும். மும்பையில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் ஷாபுதீன் ரஹிம்தூலா 1980-களில் இதை விளக்கிப் பரவச் செய்தார். 'ஹைபர்னேட்டிங்' தசை என்று பெயர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு, குளிர்காலத்தைக் குறிக்கும் 'இவேர்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேர் என்று உடனே தெரிந்தது. ஆனால் நம் ஊரில் பனிக்கால உறக்கம் ஏது? கண்மாய் வற்றியதும் சேற்றுக்குள் புதைந்து கிடந்து, முதல் மழைக்குக் கத்துகிறதே தவளை, அதை நினைத்துக்கொண்டால் போதும்.

சேற்றுக்குள் தவளை இருக்கிறதா என்று பார்க்க நாலு வழி உண்டு. டோபுடமின் என்ற மருந்தைக் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே எக்கோ பார்ப்பது ஒன்று. உயிருள்ள சுவர் சற்றே அசைந்து கொடுக்கும். தாலியம் ஸ்கேன் இன்னொன்று. உயிருள்ள செல்தான் அந்த மருந்தை உள்ளே இழுக்கும். பெட் ஸ்கேனில் சர்க்கரை போன்ற ஒரு பொருளைச் செலுத்துவார்கள். உறங்கும் தசை அதைத் தின்னும், தழும்பு தின்னாது. எம்.ஆர்.ஐ.யில் கடோலினியம் ஏற்றினால் தழும்பு வெள்ளையாகத் தெரியும். சுவரின் கனத்தில் பாதிக்கு மேல் தழும்பு இருந்தால் அந்த இடம் தேறுவது கடினம் என்று 2000-ல் சிகாகோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிறுநீரகக் கோளாறு, பேஸ்மேக்கர் இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ.க்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

என் சிநேகிதருக்கு எம்.ஆர்.ஐ.தான் எடுத்தார்கள். தழும்பு மெல்லியதாகவே இருந்தது. தசை உயிரோடிருக்கிறது. "அப்படின்னா உடனே ஸ்டென்ட்தானே?" என்றான் மகன். இங்கேதான் எனக்கும் ஒரு ஆச்சரியம். 2022-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், இப்படி உயிருள்ள தசையும் பலவீனமான இதயமும் கொண்ட 700 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேருக்கு மாத்திரையோடு ஸ்டென்ட், மீதிப்பேருக்கு மாத்திரை மட்டும். மூன்றரை வருடத்தில் மரணமோ, இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வதோ நேர்ந்தவர்கள் 37.2 சதவீதம், 38.0 சதவீதம். வித்தியாசமே இல்லை. பைபாஸ் கதை வேறு: 1,212 பேரைத் தொடர்ந்த ஒரு ஆய்வில், பத்து வருடத்தில் பைபாஸ் செய்தவர்களில் 58.9 சதவீதம் பேரும் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 66.1 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். ஆனால் அதே ஆய்வில், உயிருள்ள தசை இருந்தவர்களுக்குத்தான் பைபாஸ் அதிகம் பயன்பட்டது என்று நிரூபணமாகவில்லை.

ஆக, படம் ஒரு சாட்சி, தீர்ப்பு இல்லை. எத்தனை குழாயில் அடைப்பு, எந்த இடத்தில், நெஞ்சுவலி எவ்வளவு, சர்க்கரை உண்டா, உடம்பு அறுவையைத் தாங்குமா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள். மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது இந்த யோசனைக்கெல்லாம் நேரமில்லை என்பதும் நினைவிருக்கட்டும். அப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேண்டும்.

சிநேகிதருக்கு ஒரு குழாயில்தான் அடைப்பு. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், உப்பைக் குறைத்தார். ஆறு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் 30 என்பது 40 ஆகியிருக்கிறது. மாந்தோப்பு அவர்களிடமே இருக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது "அந்தப் பாகம் போச்சு" என்று சொன்னால், "செத்திருக்கிறதா, உறங்குகிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "உயிரோடிருந்தால் மாத்திரையா, ஸ்டென்டா, பைபாஸா, எதனால்?" என்று அடுத்ததையும் கேளுங்கள். கோப்புகளோடு காலம் தள்ளிய குமாஸ்தாவாக இன்னொன்றும் சொல்வேன்: பழைய எக்கோ ரிப்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். அது இருந்தால்தான் 30 என்பது ஏறியதா, இறங்கியதா என்று தெரியும்.