இரண்டாவது வால்வு

இருகூர் வால்வு, முக்கூர் வால்வு, அரைமதி வால்வு என்னும் சொற்களை நாமெல்லோரும் பாடசாலை விஞ்ஞான நூலில் மனனஞ் செய்தவர்களே. படத்தில் அவை தத்தம் வாயிலில், ஒன்றோடொன்று தொடர்பின்றி நின்றன. கலைப்பீடத்துக்கு வந்தபின் எவரும் அவற்றைத் தேடிச் செல்வதில்லை. களுதாவளையில் வாழும் என் மாமியின் எக்கோ அறிக்கை என்னை அவற்றிடம் மீளக் கொணர்ந்தது. அவ்வறிக்கையில் இருகூர் வால்வு மிகவும் ஒடுங்கியதென்றும், பெருநாடி வால்வும் பழுதுற்றதென்றும் எழுதப்பட்டிருந்தது. அப்போது மாமிக்கு வயது 41. வெற்றிலைத் தோட்டத்துக்கு இரண்டு வாளி நீர் அள்ளியதும் மூச்சு வாங்க உட்கார்ந்து விடுவார்.

நோயின் தொடக்கம் அவரது சிறு பிராயத்திலே உள்ளது. 1990 ஆம் ஆண்டின் குழப்பங்களில் இடம்பெயர்ந்து, பல குடும்பங்கள் நெருக்கமாய்த் தங்கியிருந்த கட்டடமொன்றில் அவருக்குத் தொண்டை நோவும், சில வாரங்களின்பின் காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு மாறிச்செல்லும் வீக்கமும் கண்டன. எண்ணெய் பூசினார்கள், வீக்கம் வற்றியது. அது மூட்டுவாதக் காய்ச்சல் என்பது பின்னாளில் வைத்தியர் கேட்ட கேள்விகளாலேயே தெரியவந்தது. தொண்டையிற் புகுந்த ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமியை எதிர்க்க எழும் உடலின் காவற்படை, ஆள் தெரியாமல் இதயத்தின் வால்வுகளையும் தாக்குகிறது. மூட்டுக்கள் ஆறிவிடும். வால்வின் இதழ்களோ தழும்பேறித் தடித்து, ஆண்டுகள் செல்லச் செல்ல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இத்தாக்குதல் ஒரு வால்வோடு நில்லாமையாற்றான் இந்நோயாளரிற் பலருக்கு இரண்டு வால்வுகளும், சிலருக்கு மூன்றும் பழுதுறுகின்றன.

இரண்டு வால்வு பழுதென்றால் நோய் இரு மடங்கு என்று கணக்கிடுவது இயல்பு. ஆயின் அது அவ்வாறன்று. ஒன்று மற்றொன்றை மறைத்து விடுகிறது. எங்கள் வாவியை அறிந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. மாரியில் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் வெள்ளம் வடிய வழியின்றிப் படுவான்கரை வயல்களில் ஏறும். இருகூர் வால்வு ஒடுங்கும்போது அவ்வாறே குருதி பின்தேங்கி நுரையீரலை நனைக்கிறது. மாமியின் மூச்சிரைப்பு அதனால் வந்தது. ஆனால், மேலே ஒரு மதகு ஏறக்குறைய மூடிக் கிடக்கையில், கீழேயுள்ள இரண்டாவது மதகு எவ்வளவு ஒடுங்கியது என்பதை யார் காண்பர்? இடது இதயவறைக்கு வந்து சேரும் குருதியே குறைவாதலின், பெருநாடி வால்வினூடான அமுக்க வேறுபாடும் குறைவாகவே அளவிடப்படும். அதன் இரைச்சலும் மெலிந்தே கேட்கும். முதலாவதை மாத்திரம் திருத்தினால் முழுக் குருதியும் பாய்ந்துவர, இரண்டாவது தன் உண்மை உருவைக் காட்டும்.

சத்திரசிகிச்சை நிபுணர் முன்வைத்த கேள்வி இதுவே: ஒன்றை மாற்றுவதா, இரண்டையுமா? இரண்டையும் மாற்றின் இதயம் நிறுத்தப்பட்டு, உடல் இதய-நுரையீரல் பொறியில் தங்கியிருக்கும் நேரம் நீளும். உயிராபத்தும் ஒரு வால்வு மாற்றுவதைவிட அதிகம். ஒன்றை விட்டுவைத்தால், சில ஆண்டுகளில் தழும்பேறிய நெஞ்சை மீண்டும் பிளக்க நேரலாம். வீட்டில் ஆளுக்கொரு கருத்திருந்தது. மாமா ஒன்றே போதும் என்றார். மாமியோ, "இன்னொருக்கா நெஞ்சைத் திறக்க ஏலா மனே. ரெண்டையும் ஒரேயடியா மாத்தட்டும்" என்று என்னிடம் கூறிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டார். நூல்களைப் புரட்டிய பின்னும் அவர் முடிவைவிட நேரிய தர்க்கம் எனக்குக் கிட்டவில்லை.

இவ்வாறு தெரிவு செய்யும் வாய்ப்பே மனிதருக்கு அண்மையிற்றான் கிடைத்தது. 1960 இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், அல்பேட் ஸ்ரார் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், பொறியியலாளர் லோவெல் எட்வேட்சுடன் சேர்ந்து உருவாக்கிய, கூண்டுக்குள் பந்து அசையும் செயற்கை வால்வை இருகூர் வால்வின் இடத்திற் பொருத்தி வெற்றி கண்டார். சில ஆண்டுகளிலேயே ஒரே அமர்வில் இரண்டும் மூன்றும் மாற்றத் துணிந்தனர். ஆயினும் இந்நோய் மிகுந்த நாடுகளின் ஏழைகளுக்கு இறக்குமதி வால்வு எட்டாத பொருளாயிருந்தது. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரா நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தானின் குழுவினர், முன்னைய மாதிரிகள் தோற்றபின்பும் தளராது, சாயும் தட்டு வால்வொன்றை ஆக்கி 1990 டிசெம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினர். மாமி மூட்டு வீங்கிக் கிடந்த அதே ஆண்டு அது.

மாமிக்குக் கொழும்பிற் சத்திரசிகிச்சை நடந்தது. பழுதான இரண்டையும் வெட்டி அகற்றி, முதலில் இருகூர் வால்வின் இடத்திலும் பின்னர் பெருநாடியின் வாயிலிலும் உலோக வால்வுகளைத் தைத்தனர். பெருநாடி வால்வை முதலிற் பொருத்திவிட்டால் மற்றையதை எட்டுவது கடினமாம். விலங்கின் இழையத்தாலான வால்வுகளும் உள்ளன. எனினும் இளவயதினரில் அவை விரைவிற் சிதைவதால் உலோகமே தெரிவாயிற்று.

உலோகத்திற்கு விலையுண்டு, அதைச் செலுத்துமிடம் சமையலறை. குருதி உறையாதிருக்க மாமி வாழ்நாள் முழுவதும் வார்பரின் குளிசை விழுங்க வேண்டும். ஐ.என்.ஆர். எனப்படும் அளவு 2.5 இற்கும் 3.5 இற்குமிடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்விற் கட்டி உறையும், கூடினால் குருதி கசியும். முருங்கையிலையும் பொன்னாங்கண்ணியும் உயிர்ச்சத்து கே மிகுந்தவை. ஒரு வாரம் தாராளமாக உண்டு மறுவாரம் விட்டுவிட்டால் அளவு தடுமாறும். எனவே கீரையைத் தவிர்க்கச் சொல்லவில்லை, ஒரே அளவாய் உண்ணச் சொன்னார்கள். அயலவர் சிலர் கீரையே நஞ்சு என்று பேசத் தொடங்கியதை மாற்ற மாமி பட்டபாடு தனிக்கதை.

கிளினிக் கொப்பியை அவர் பொலித்தீன் உறையிலிட்டு அரிசிப் பானையின் மேல் வைத்திருக்கிறார். இரவில் வீடு அடங்கியபின் அருகிருந்தால், கைக்கடிகாரம் போன்று இரு மெல்லிய ஒலிகள் கேட்கும்: முந்தியது இருகூர் வால்வு மூடுவது, பிந்தியது பெருநாடி வால்வு. வலப்புறத்து முக்கூர் வால்வில் ஒரு சிறு கசிவு மிஞ்சியுள்ளது. அதனை ஆண்டுக்கொருமுறை எக்கோவில் அளந்து வருகின்றனர்.