அம்மாவின் பிஸ்கட் டின்னும் ஒரு கோணல் கதவும்



இம்முறை பாடநூலைப் பற்றியோ தேர்வைப் பற்றியோ எழுதப் போவதில்லை. ஒரு துணித்துண்டைப் பற்றி எழுத விழைகிறேன். அது எனக்குக் கற்பித்த பாடத்தை எந்தப் பயிற்சிப் பட்டறையும் இதுவரை எனக்குக் கற்பித்ததில்லை.

என் அம்மா கிள்ளானில் வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுத்து எங்களைப் படிக்க வைத்தவர். ரவிக்கை, பாவாடை சட்டை, பள்ளிச் சீருடை, அண்டை வீட்டு மலாய்ப் பெண்களுக்குப் பாஜு கூரோங் என்று அவருடைய தையல் இயந்திரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். வெட்டி மிஞ்சிய துணியை அவர் ஒருபோதும் எறிந்ததில்லை. நிற வாரியாகச் சுருட்டி, ஓரக் கிழிசலாலேயே கட்டி, பெரிய பிஸ்கட் டின்களில் அடுக்கி வைப்பார். இத்தகைய வெட்டுத்துணிகளை மலாயில் 'காயின் பெர்ச்சா' என்பர். அம்மா 'என் சேமிப்பு' என்பார்.

அவர் மறைந்து ஈராண்டு கழித்தே அந்த டின்களைத் திறக்கும் துணிவு எனக்கு வந்தது. தீபாவளி ரவிக்கைகளின் சரிகை ஓரம், பள்ளிப் பினாஃபோரின் நீலம், என் முதல் பணிநாள் சேலைக்குத் தைத்த ரவிக்கையின் பச்சை. எறியவும் மனமில்லை, வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. அப்படித்தான் ஒட்டுத்துணி ஓவியம் தைக்கத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் 'குயில்ட்' எனப்படும் போர்வையின் சிறு வடிவம் இது. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவே பஞ்சுப்படலம், கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட வேண்டும். பெரிய போர்வைக்குப் பொறுமை இல்லாததால், ஓர் ஏ4 தாளின் அளவே போதுமென முடிவு செய்தேன்.

முதல் மூன்று முயற்சிகளும் வீணாயின. கட்டத்தாளில் வரைந்து, அளவுகோல் வைத்து வெட்டி, கோடு பிசகாமல் தைத்தேன். பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்தன; ஆயினும் அவற்றில் அம்மாவும் இல்லை, நானும் இல்லை.

அவ்வேளையில்தான் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்களின் 'கவந்தி' போர்வைகளைப் பற்றி அறிந்தேன். நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் வேறு பணிகளுக்காகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இவர்களுடைய பெண்கள் முன்கூட்டியே வரைபடம் எதுவும் போடுவதில்லை. நாம் எதையும் நடுவிலிருந்து தொடங்கப் பார்ப்போம். அவர்களோ ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகவே துண்டுகளை வைத்துத் தைத்து, சுற்றிச் சுற்றி உள்நோக்கி வந்து நடுவில் முடிக்கிறார்கள். அடுத்து எந்தத் துண்டு என்பதை முன்னே தைத்த துண்டே முடிவு செய்கிறது. நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் சிறு முக்கோணங்களை வைப்பார்கள். அவற்றைப் 'பூ' என்று அழைக்கிறார்கள். கந்தலைத் தைத்துப் பூவில் முடிக்கும் அந்த மனத்தை எண்ணி வியந்தேன்.

கடல் கடந்த இன்னொரு சிற்றூரும் எனக்கு ஆசானாயிற்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவில் அமைந்த ஜீஸ் பெண்ட் என்னும் ஊரில், அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த காற்சட்டைகளையும் மூட்டைத் துணிகளையும் வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். கோடுகள் கோணும், பட்டைகள் திடீரென நிறம் மாறும். அப்போர்வைகள் 2002இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. வறுமைக்காகத் தைத்தவை கலையென்று சுவரேறின.

நம்மிடமும் இத்தகைய மரபு இல்லாமல் இல்லை. தஞ்சை, திருவாரூர்ப் பகுதிகளில் தேர்களிலும் கோயில்களிலும் தொங்கும் தொம்பைகள் துணிமேல் துணி ஒட்டித் தைத்தவையே. வங்காளத்தின் 'காந்தா' தையல், பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையலால் இணைப்பது. அந்தப் பெயரும் நம் 'கந்தை'யும் ஒரே சொல்லின் உறவினர். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன மூத்தோர், கந்தையை எறியச் சொல்லவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அதன்பின் அளவுகோலைப் பெட்டிக்குள் வைத்தேன். கத்தரிக்கோல் போன போக்கில் வெட்டினேன். துண்டுகளின் ஓரத்தில் தையலுக்கெனக் கால் அங்குலம் விடுவது ஒன்றே நான் கடைப்பிடித்த விதி. 'எதைத் தைப்பது?' என்ற கேள்விக்கு விடை தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொமுட்டர் தொடர்வண்டியில் போகும்போது, பந்தாய் டாலாம் அடுக்குமாடிகளில் காயும் துணிகளே ஓர் ஓவியமாயின. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் செங்கற்சூளைகளால் பெயர் பெற்றது. எனவே அம்மாவின் காவி நிறத் துண்டுகளைச் செங்கல் செங்கலாக அடுக்கினேன். அங்கே முன்பிருந்த 'நூறு குவார்ட்டர்ஸ்' எனும் வீட்டு வரிசைகள் இன்று இல்லை. அவற்றின் கூரைகளை நினைவிலிருந்து தைத்தேன். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தொங்கும் பூச்சரங்கள், வாசற்கோலத்தின் புள்ளிகள், மழைநீர் தேங்கிய பள்ளித்திடல் ஆகிய யாவும் என் ஊசியில் நூலாயின.

இதுவரை எழுதியது என் பெருமை. இனி எழுதப் போவது என் பிழை.

நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்சிக்கலைக் கல்விப் பாடத்தில் 'என் வீடு' என்னும் தலைப்பில் ஒட்டுத்துணி வேலை செய்யச் சொன்னேன். இரவில் என் வீட்டில் அளவுகோலை ஒதுக்கி வைத்தவள், காலையில் வகுப்பில் இருபத்து நான்கு பேருக்கும் ஒரே அட்டை வடிவத்தை வெட்டிக் கொடுத்தேன். சதுரச் சுவர், முக்கோணக் கூரை, நேரான கதவு. பெற்றோர் சந்திப்பு நாளில் பலகையில் மாட்ட வேண்டுமல்லவா? எல்லாம் சீராக இருக்க வேண்டுமென்று நினைத்தேன்.

ஒரு மாணவி மட்டும் கதவைச் சாய்வாகத் தைத்திருந்தாள். அவள் ஓய்வுவேளைக்குச் சென்றிருந்தபோது, உதவுவதாக எண்ணிக்கொண்டு அந்தத் தையலைப் பிரித்து, கதவை நேராக்கித் தைத்து வைத்தேன். திரும்பி வந்தவள் அதைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்தாள்.

"டீச்சர், எங்க பாட்டி வீட்டுக் கதவு சாய்ஞ்சுதான் இருக்கும். லயத்து வீடு. இப்ப அந்த வீடு இல்ல, உடைச்சிட்டாங்க" என்றாள். நான் மன்னிப்புக் கேட்கும் முன்பே, "பரவால்ல டீச்சர்" என்று சொல்லி இருக்கையில் அமர்ந்துவிட்டாள்.

அந்தப் 'பரவால்ல' என்னை உறங்கவிடவில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டபோது, இனிப் பிள்ளைகள் சிந்திப்பார்கள் என்று கூட்டத்தில் பேசியவள் நான். தேர்வு போயிற்று, எல்லாரும் ஒரே விடையைத் தர வேண்டுமென்ற பழக்கம் என் கையை விட்டுப் போகவில்லை.

மறுநாள் அவளை அருகில் அழைத்து, "நான் செய்தது தவறு அம்மா. உன் கதவை உன்னைக் கேட்காமல் தொட்டிருக்கக் கூடாது" என்றேன். இருவரும் சேர்ந்து என் தையலைப் பிரித்தோம். துணியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, அவள் முதலில் குத்திய ஊசித்துளைகள் அப்படியே தெரிந்தன, சாய்வாக. பிரித்த தையல் தன் தடத்தை விட்டு வைத்திருந்தது. அத்துளைகளின் வழியே அவளே மீண்டும் நூலை ஓட்டினாள். நான் வெறுமனே துணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் சந்திப்பு நாளில் இருபத்து மூன்று நேர்க் கதவுகளும் ஒரு சாய்ந்த கதவும் பலகையில் இருந்தன. மாணவியின் பாட்டி வந்திருந்தார். அதன்முன் நின்றவர் எதுவும் பேசவில்லை. கதவைச் சுட்டுவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

இப்போது அட்டை வடிவம் கொடுப்பதில்லை. செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்:

1. பிள்ளைகள் வீட்டிலிருந்தே பழந்துணி கொண்டு வரட்டும். அது யாருடைய துணி என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். பாதிப் பாடம் அங்கேயே நடந்துவிடும்.

2. நுனி மழுங்கிய, பெரிய காதுள்ள ஊசியைக் கொடுங்கள். பாடத் தொடக்கத்திலும் முடிவிலும் ஊசிகளை எண்ணிப் பாருங்கள்.

3. அளவு சிறிதாக இருக்கட்டும். இரு உள்ளங்கை அகலத் துணியை ஒரு பிள்ளையால் முடிக்க இயலும். முடித்த மகிழ்ச்சியே அடுத்ததைத் தொடங்க வைக்கும்.

4. கோணலாக ஏதேனும் கண்டால், திருத்துமுன் "இது என்ன?" என்று கேளுங்கள்.

பெற்றோர்களே, வீட்டில் மிஞ்சிய வெட்டுத்துணி இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உங்கள் பிள்ளையோடு ஒரு சனிக்கிழமை மாலை தரையில் அமர்ந்து, அதை ஓரத்திலிருந்து தைக்கத் தொடங்குங்கள். நடுவில் என்ன வரும் என்பதை இருவரும் சேர்ந்தே கண்டுகொள்வீர்கள்.

அம்மாவின் டின்களில் இன்னும் ஒன்று திறக்கப்படாமல் இருக்கிறது. அதை வகுப்பிற்கு எடுத்துச் செல்லப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை