பெட்டியில் வைத்தால் பிழைக்குமா?

மனிதனுக்கு மூப்பு உண்டு. மனிதன் செய்த பொறிகளுக்கும் மூப்பு உண்டு. கோயிற் கல் ஆயிரம் ஆண்டு நிற்கின்றது. ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகள் தாங்குகின்றது. மின்னணுக் கருவி ஒன்று முப்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தால் அதுவே பெரும்பேறு. பழம்பொருள் என்றதும் கல்வெட்டையும் காசையும் நினைத்துப் பழகிய நமக்கு, நேற்றைய விளையாட்டுப் பெட்டியும் அந்த வரிசையில் வந்து நிற்பது விந்தையாகத் தோன்றலாம்.

டிவியில் இணைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டியைத்தான் சொல்லுகிறேன். மஞ்சள் நிறக் கேசட்டைச் சொருகி, கம்பி நீண்ட ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு மரியோவும் கான்ட்ராவும் ஆடாத பிள்ளைகள் ஒரு காலத்தில் நம் ஊர்ப்பக்கம் குறைவு. சேவுகம்பட்டியில் தை மாதத்து வாழைப்பழச் சூறை விழாவிற்கு வரும் உறவுக்காரப் பிள்ளைகள், பழம் பொறுக்கிய கையோடு இந்தப் பெட்டியின் முன்தான் வந்து அமர்வார்கள். 2006ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி, இத்தகைய பெட்டிகளுக்குப் பல வீடுகளில் இடம் தந்தது.

இவற்றின் மூதாதை ஜப்பானில் பிறந்தது. நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15ஆம் நாள் வெளியிட்ட ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ அது. அதன் வேலை நினைவகம் 2 கிலோபைட்தான்! 1985இல் வந்த சூப்பர் மரியோ விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல் பல மடங்கு பெரியது. 2003இல் அந்நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது. 2007இல், உதிரிப் பாகங்கள் இல்லாமையால், பழுது பார்ப்பதையும் கைவிட்டது. மூலப்பொருளுக்கே மருத்துவம் நின்ற மூன்றாண்டுகளுக்குப் பின், 2010இல், அதன் நகல் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது.

நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகை விற்ற காசில், அண்ணனுக்கும் எனக்குமாக அப்பா அதை வாங்கி வந்தார். இரவில் தாமும் ஒரு ரிமோட்டைப் பிடித்து எங்களோடு தோற்பார். 2016இல் அப்பா மறைந்தார். அம்மா அந்தப் பெட்டியை அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி, ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினார். “யாரும் தொடக்கூடாது. அவுங்க வாங்கினது, பத்திரமா இருக்கட்டும்” என்பதே அம்மாவின் கட்டளை.

அம்மாவின் அன்பை நான் அறிவேன். ஆனால் பூட்டி வைத்த பொருள் பத்திரமாக இருக்கின்றதா என்பதுதான் கேள்வி. அறிவியல் அதற்கு ‘இல்லை’ என்றே விடை தருகின்றது.

பெட்டிக்குள் உருளை வடிவில் நிற்கும் கண்டென்சரை எடுத்துக்கொள்வோம். அலுமினியத் தகடுகளுக்கு இடையே திரவத்தில் நனைத்த தாள். அடியில் ஒரு ரப்பர் மூடி. ஆண்டுகள் செல்லச் செல்ல அத்திரவம் மெல்ல உலர்கின்றது. சில வேளை கசிந்து பலகையின் செம்புத் தடத்தை அரிக்கின்றது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. திண்டுக்கல் சீமையின் சித்திரை வெயிலில் தகரப் பெட்டியின் உட்புறம் எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. மேலும், நெடுநாள் மின்சாரம் காணாத கண்டென்சரின் உள்ளே காப்பாக இருக்கும் ஆக்சைடுப் படலம் நலிகின்றது. ஓடாத மாட்டுக்குக் கால் மரத்துப்போவது போலத்தான். இதற்கிடையே ரிமோட்டின் ரப்பர் இறுகுகின்றது. கேசட் சொருகும் முனைகளில் களிம்பு ஏறுகின்றது. கேசட்டை வாயால் ஊதினால் ஓடும் என்று நம்பாத பிள்ளை இல்லை. உண்மையில் ஓட வைத்தது மறுபடி சொருகியதே. ஊதிய ஈரம் களிம்பைத்தான் வளர்த்தது.

இவற்றையெல்லாம் அம்மாவிடம் பல நாள் எடுத்துச் சொன்னேன். சென்ற ஆண்டு ஒரு நாள் அம்மாவே சாவியைக் கொடுத்தார். “நீ சொல்றது நெசமான்னு பார்ப்போம். உடைச்சுப் போட்டுறாத” என்றார்.

வத்தலக்குண்டில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அம்மாவும் உடன் வந்தார். பெரியவர் மூடியைத் திறந்ததும் விரலால் காட்டினார். ஒரு கண்டென்சரின் தலை உப்பி இருந்தது. “இன்னும் ரெண்டு கோடை விட்டிருந்தா பலகையையே தின்னுருக்கும், பாப்பா” என்றார். சில ரூபாய் விலையுள்ள புதுக் கண்டென்சரை ஈயம் வைத்துப் பொருத்தினார். கேசட்டின் முனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தார். அங்கேயே ஒரு டிவியில் மரியோ ஓடினான். இசை கேட்டதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆயினும் முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. வாத்து சுடும் துப்பாக்கி எங்கள் புதிய தட்டை டிவியில் வேலை செய்யவில்லை. விசையை அழுத்தும் நொடியில் திரை கறுத்து, வாத்து இருக்குமிடம் மட்டும் வெண்மையாக மின்னும். துப்பாக்கியில் உள்ள கண் அந்த ஒளியைப் பிடிக்கும். பழைய குழாய் டிவி உடனுக்குடன் மின்னியது; புதியது சற்றே தாமதிக்கின்றது, துப்பாக்கி குருடாகிவிடுகின்றது. எனவே சித்தப்பா வீட்டுத் திண்ணையில் கிடந்த அரசு டிவியைக் கேட்டு வாங்கி வந்தோம். ஒரு பொருளைக் காக்க இன்னொரு பொருளையும் காக்க வேண்டியிருக்கின்றது.

மற்றொன்றும் உண்டு. பலகையின் நடுவே கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று இருக்கின்றது. பெட்டியின் மூளை அதற்கடியில்தான். அது செத்தால் பிழைக்க வைக்க அந்தப் பெரியவராலும் ஆகாது. அந்நிலையில் விளையாட்டையேனும் காப்பாற்றுவது எப்படி? கேசட்டில் உள்ள எண்களைப் படியெடுத்து, கணினியில் எமுலேட்டர் வழியே ஓட்டுவதே உலகம் கண்ட வழி. ஏடு செல்லரிக்கும் முன் வேறோர் ஏட்டில் எழுதிவைத்த நம் முன்னோரின் வழியும் இதுவே அன்றோ! ஆனால் உரிமைச் சட்டம் குறுக்கே நிற்கின்றது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என 2023இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது.

படி எடுத்தால் விளையாட்டு பிழைக்கும். அப்பாவின் விரல் பட்டுத் தேய்ந்த அந்தச் சிவப்புப் பொத்தானைப் படி எடுக்க முடியாது. அதற்குக் கருவியே பிழைக்க வேண்டும். ஆகவே இப்போது மாதம் ஒருமுறை அதை ஓட்டுகிறோம். தகரப் பெட்டியில் அல்லாமல், காற்றோட்டமான அலமாரியில் வைத்திருக்கிறோம். நாள் தவறாமல் நினைவூட்டுபவர் அம்மாதான்.

தோழியரே! உங்கள் இல்லத்திலும் ஒரு ரேடியோவோ டேப் ரெக்கார்டரோ துணியில் சுற்றிக் கிடக்கலாம். அதன் பேட்டரியை முதலில் கழற்றுங்கள். கசிந்த பேட்டரி கருவியையே அழிக்கும். பின், அறிந்தவர் துணையோடு திறந்து பாருங்கள். ஈயம் வைக்கும் கலையை அப்பெரியவர்கள் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பின் அந்தக் கடைகளில் யார் அமர்வார்?