தீப்பிடிக்காத பெட்டியும் மூன்று சகோதரர்களும்

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் வறண்ட நூல்தான். ஆயினும் முத்திரையிட்ட உறைக்குள் உயிலை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் முறையை அது விவரிக்குமிடத்தில் மட்டும், அதை வரைந்தவருக்குள் ஒரு கதைசொல்லி சற்றே எட்டிப் பார்த்திருக்கிறார். தம் இறப்புக்குப் பின் சொத்து யாரைச் சேர வேண்டுமென்று ஒருவர் உயிரோடிருக்கும்போதே எழுதிவைக்கும் ஆவணமாகிய உயிலைப் பதிவு செய்தே தீர வேண்டுமென்ற கட்டாயமில்லை. சாட்சிகள் இருவர் கையெழுத்திட்டால் போதும், அவர்களுக்கும் உள்ளே எழுதியிருப்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதிவும் வேண்டாம், வீட்டு அலமாரியையும் நம்ப முடியாது என்று கருதுபவர், உறையின்மேல் தம் பெயரையும் உள்ளிருப்பது இன்ன ஆவணம் என்பதையும் எழுதிப் பதிவாளரிடம் கொடுக்கலாம். பதிவாளர் அந்த மேலெழுத்தை ஐந்தாம் புத்தகம் எனப்படும் பதிவேட்டில் படியெடுத்து, பெற்றுக்கொண்ட ஆண்டு, மாதம், நாள், மணி ஆகியவற்றையும், கொடுத்தவர் இன்னார்தாம் என்று சொன்னவர்களின் பெயர்களையும், முத்திரையில் படிக்கத்தக்க எழுத்து ஏதேனும் இருந்தால் அதையும் குறித்துக்கொண்டு, உறையைத் தீப்பிடிக்காத பெட்டியில் வைக்க வேண்டும். கடைசியாக எழுதிய உயிலே செல்லும் என்பதால் நாளைக் குறிப்பதன் காரணம் விளங்குகிறது; மணியையும் கேட்டவர், ஒரே நாளில் இருமுறை மனம் மாறும் தந்தையரை நன்கு அறிந்தவராக இருந்திருக்க வேண்டும்.

எழுதியவர் இறந்தபின் ஒருவர் விண்ணப்பித்து, இறப்பைப் பற்றிப் பதிவாளருக்குத் திருப்தி ஏற்பட்டால், விண்ணப்பித்தவரின் முன்னிலையில் உறை பிரிக்கப்படும். அவர் செலவிலேயே மூன்றாம் புத்தகத்தில் நகலெடுத்த பிறகு, மூலம் பழையபடி பாதுகாப்புக்குத் திரும்பிவிடும். சார்பதிவாளரிடம் இவ்வாறு உறையை ஒப்படைக்க முடியாதாகையால், சேர்வராயன் மலையில் ஏற்காட்டையடுத்த கிளியூரில் காபித் தோட்டம் வைத்திருப்பவர் தம் இரகசியத்தைக் காக்க இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவு பத்திரமாகக் காக்கப்படும் தாள், மலைச்சரிவில் உள்ள நிலத்துக்கு எந்த அளவு பொருந்தும் என்பது வேறு கேள்வி. 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த எம்.டி.காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்த பின் இங்கு தோட்டங்கள் பெருகின. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் வயல்களுக்கு வரம்பு விதித்தபோது காபித் தோட்டங்களுக்கு விலக்களித்தது. ஆகவே அவற்றைத் துண்டாக்கும் வேலையை அரசு பெரும்பாலும் பிள்ளைகளிடமே விட்டுவிட்டது எனலாம். பாகப்பிரிவினைப் பத்திரத்தில், அதாவது கூட்டுச் சொத்தைப் பங்காளிகள் பிரித்துக்கொள்ளும் ஆவணத்தில், ஏக்கரைச் சமமாகப் போடுவது எளிது. ஆனால் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரம் ஒன்று, கொட்டையை உலர்த்தும் களம் ஒன்று, கோடையிலும் வற்றாத ஊற்று ஒன்று என்றிருக்கும்போது, அம்மூன்றும் விழுந்த பங்கைப் பெற்றவரே ஏறத்தாழ முழு எஸ்டேட்டுக்கும் உரியவராகிவிடுகிறார். மேட்டுப்பங்கில் சில்வர் ஓக் மரங்களை வெட்டினால் கீழ்ப்பங்கின் ஊற்று என்னாகும் என்று எந்த உயிலும் யோசிப்பதில்லை. ஏற்காட்டு ஏரியின் உபரிநீரே கிளியூரில் அருவியாக விழுகிறதென்பதை நினைத்தால், இவ்வூரில் கீழே இருப்பவரின் சொத்து எப்போதும் மேலே இருப்பவரின் கையில்தான் என்பது தெளிவாகும். இதை உணர்ந்ததாலோ என்னவோ, 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், பிறர் நிலத்தின் வழியே நடக்கவும் நீர் கொண்டுவரவும் உள்ள உரிமையைப் பற்றிப் பேசும்போது, கூட்டுச் சொத்து பிரியும் இடத்தையும் தனியே எண்ணிப் பார்த்து, ஒரு பங்கை அனுபவிக்க இன்றியமையாத வழி மற்றொரு பங்கின் ஊடே இருந்தால் பத்திரம் அதைச் சொல்லாவிட்டாலும் அவ்வுரிமை உண்டு என்கிறது.

இம்மலையின் மிகப் பழைய பாகப்பிரிவினைக்குப் பத்திரமே கிடையாது. கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளக் கூடாத மலையாளிகள் என்னும் பழங்குடியினர் தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்லும் கதையை, 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலில் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்தார். காஞ்சிபுரத்து வேளாளராகிய சகோதரர் மூவர் ஊரைவிட்டு வந்து, சேர்வராயன், கொல்லி, பச்சை என்னும் மலைகளுக்கு ஆளுக்கொருவராகப் போனார்கள் என்பது அதன் சாரம். பெரிய மலையாளி, கொல்லி மலையாளி, பச்சை மலையாளி என்ற பிரிவுகள் அதன் வழிவந்தவை. மூத்தவர் எம்மலைக்குப் போனார், இளையவர் எம்மலைக்குப் போனார் என்பதில் கதைக்குக் கதை வேறுபாடு உண்டு. இது வியப்புக்குரியதன்று, பாகத்தைப் பற்றிய பேச்சு எந்தக் குடும்பத்தில்தான் ஒன்றுபோல் இருக்கிறது? மூன்று பேர், மூன்று மலை, வழக்கு இல்லை, வாய்தா இல்லை என்று இந்த ஏற்பாட்டைப் பாராட்டத் தோன்றும். பங்கு போடுவோர் எண்ணிக்கையும் பொருளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகும் பாக்கியம் கதைகளில்தான் வாய்க்கும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: அவர்களுக்கு ஒரு தங்கை இருந்தாளா என்று கதை சொல்லவில்லை.

அவள் இருந்திருந்தால் அவளுக்கு எந்த மலை என்னும் கேள்வி இன்று நீதிமன்றங்களுக்கு வந்துவிட்டது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989இலேயே மகனோடொத்த உரிமை தந்தது, நாடு முழுவதும் அவ்வுரிமை 2005இல் வந்தது என்று பெருமையாகச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலன்றி அச்சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அவர்களை அவரவர் வழக்கத்திடமே விட்டுவைத்தது. தோட்ட முதலாளியின் மகளுக்கு உள்ள பங்கு, அத்தோட்டத்தில் பழம் பறிக்கும் மலையாளிப் பெண்ணுக்கு அவள் தந்தையின் நிலத்தில் உண்டா என்பது இதனால் ஐயமாகவே கிடந்தது. இப்பிரிவைத் திருத்துவது பற்றி மத்திய அரசு ஆராய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. பழங்குடிப் பெண்களுக்கும் சமபங்கு உண்டென்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் சத்தீஸ்கரின் கோண்டு இனக் குடும்பம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெண்ணுக்குப் பங்கு தரும் வழக்கம் உண்டென்று பெண்ணே மெய்ப்பிக்கட்டும் எனக் கீழ் நீதிமன்றங்கள் கேட்டதைத் தவறென்றது. பங்கில்லை என்பவர்தாம் இனி அதற்கான வழக்கத்தைக் காட்ட வேண்டும். தங்கையைச் சொல்லாமல் விட்ட பழங்கதை ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதைக் காட்டுவது கடினம்.