அச்சம் யாருக்கு, ஆதரவு யாருக்கு

இளம் வயதிலிருந்து பயான் கேட்டு வருகிறேன். நரகத்தைச் சொல்லி நெஞ்சை நடுங்க வைக்கும் ஆலிம்கள் உண்டு. அல்லாஹ்வின் ரஹ்மத்தைச் சொல்லியே கண்ணீர் வரவழைப்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டும். ஆனால் எதை யாரிடம் சொல்கிறோம் என்பதில் நாம் தவறிவிடுகிறோம் என்று வயது ஏற ஏற எனக்குப் படுகிறது.

இமாம் கஸ்ஸாலி இதை ஆழமாக யோசித்தவர். பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் இருந்த பெரும் பதவியை 1095இல் உதறிவிட்டு, தன் உள்ளத்தைச் சீர்செய்யக் கிளம்பியவர். அவருடைய ‘இஹ்யா உலூமித்தீன்’ 40 பகுதிகள் கொண்டது. பொறுமைக்கும் நன்றிக்கும் அதில் ஒரு பகுதி. அடுத்த பகுதியே அச்சத்துக்கும் ஆதரவுக்கும். இரண்டில் எது மேல் என்று கேட்பது, ரொட்டி மேலா தண்ணீர் மேலா என்று கேட்பதைப் போன்றது என்கிறார். பசித்தவனுக்கு ரொட்டி, தாகித்தவனுக்குத் தண்ணீர். பாவம் உறுத்தாமல் திரிபவனுக்கு அச்சம் வேண்டும். இனி மன்னிப்பே கிடையாது என்று ஒடிந்து கிடப்பவனுக்கு ஆதரவு வேண்டும்.

நாமோ மாற்றிக் கொடுக்கிறோம். வட்டியில் புரள்கிறவரிடம், “அல்லாஹ் மன்னிப்பான் பாய்” என்று சிரிக்கிறோம். தொழுகையை விட்டுவிட்டு, திரும்பிவர வெட்கப்பட்டுப் பள்ளிவாசல் ஓரத்தில் நிற்கும் பையனிடம் கப்ரு வேதனையைப் பேசுகிறோம்.

சபுருக்கும் இதே கதிதான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், “அழக் கூடாதும்மா, சபுர் செய்” என்கிறார்கள். எனக்கு மனம் பொறுப்பதில்லை. தம் குழந்தை இப்ராஹீமின் மரணத்தில் நபியவர்களே (ஸல்) கண்ணீர் வடித்தார்களே!

யஃகூப் நபியைப் பாருங்கள். போலி ரத்தம் தோய்ந்த சட்டையோடு பிள்ளைகள் வந்து, தம்பி யூசுஃபை ஓநாய் தின்றுவிட்டது என்றபோது, அழகிய பொறுமையைப் பற்றிக்கொண்டார். அந்தப் பொறுமையாளரின் கண்கள்தான் பின்னாளில் துக்கத்தால் வெளுத்துப்போயின. தம் வேதனையை அல்லாஹ்விடமே முறையிட்டார். அழுகை பொறுமையைக் கெடுக்கவில்லை.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. நான் ஓதும்போதெல்லாம் நின்றுவிடும் இடம். இன்னொரு மகனும் எகிப்தில் சிக்கிக்கொண்டான். அப்போது, போய்த் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அவர் சொன்னது யாரிடம்? யூசுஃபைக் கிணற்றில் போட்ட அதே பிள்ளைகளிடம். அவர்கள் சொன்ன கதையை அவர் அன்றே நம்பவில்லை. மிரட்ட எல்லாக் காரணமும் இருந்த தகப்பன், அவர்கள் கையில் ஆதரவைக் கொடுத்து அனுப்பினார். அந்தப் பயணத்தில்தான் அவர்கள் தம்பி யூசுஃபை அடையாளம் கண்டார்கள்; குற்றத்தையும் ஒப்புக்கொண்டார்கள்.

உடலில் தெம்பு இருக்கும் காலத்தில் அச்சம் சற்று மேலோங்கட்டும், மௌத்து நெருங்கும்போது ஆதரவு மேலோங்கட்டும் என்பது பெரியோர் வழி. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். சக்ராத்தில் இருந்த ஓர் இளைஞரிடம் நபியவர்கள் போய், எப்படி இருக்கிறாய் என்று விசாரித்ததாகத் திர்மிதியில் வருகிறது. அல்லாஹ்வை ஆதரவு வைக்கிறேன், என் பாவங்களை அஞ்சுகிறேன் என்றார் அவர். இந்த நேரத்தில் இவ்விரண்டும் ஓர் அடியாரின் உள்ளத்தில் சேர்ந்திருந்தால், அவர் ஆதரவு வைத்ததை அல்லாஹ் கொடுப்பான், அஞ்சியதிலிருந்து காப்பான் என்றார்கள் நபியவர்கள். என்ன பாவம் என்று கேட்கவில்லை.